கன்ட்ரோல்-சியும் அசிங்க்ஐஓ நிரல்களும்: கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து: அண்ணா, வட்டப் பின்னல் இயந்திரங்களின் சுற்றுக்கணக்கைப் பைத்தான் அசிங்க்ஐஓ (பல பணிகளை மாறி மாறி ஓட்டும் நூலகம்) நிரல் கோப்பில் எழுதுகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் கடைசி வரியில் இயந்திர எண் மட்டும் நிற்கிறது, சுற்றுகள் இல்லை. அது எழுப்பும் கீபோர்டு இன்டரப்ட் என்ற விதிவிலக்கை (ஓட்டத்தை இடைமறிக்கும் சைகையை) எங்கே பிடிப்பது?

பதில்: தம்பி, பைத்தான் 3.11-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த விதிவிலக்கு, அந்தக் கணத்தில் முதன்மை இழையில் (த்ரெட், அதாவது நிரலின் ஓட்டப்பாதை) எந்த வரி ஓடுகிறதோ அங்கேயே, சில வேளைகளில் பணிகளை ஓட்டும் நிகழ்வுச் சுழலின் உட்பகுதியிலேயே எழும்பிவிடும். 2022-இல் வந்த 3.11 முதல், அசிங்க்ஐஓ.ரன் முதல் அழுத்தலுக்கு முதன்மைப் பணியை ரத்து செய்கிறது. அப்பணி காத்திருக்கும் அவெய்ட் வரியில் கேன்சல்ட் எரர் என்ற ரத்து விதிவிலக்கு எழுகிறது. அப்பணி முடிந்த பிறகே ரன்னை அழைத்த இடத்தில் கீபோர்டு இன்டரப்ட் வெளிவருகிறது. ஆகவே கோரூட்டினுக்குள் (அவெய்ட் வரிகள் உள்ள செயற்கூறு) கீபோர்டு இன்டரப்டைத் தேட வேண்டாம். உங்கள் வரி, எண்ணையும் சுற்றையும் தனித்தனி ரைட்டாக எழுதி நடுவே அவெய்ட் வைத்திருப்பதால்தான் அறுபடுகிறது என்று நினைக்கிறேன். முழு வரியையும் ஒரே ரைட்டில் எழுதி, கோப்பை மூடும் வேலையை, விதிவிலக்கு வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் வையுங்கள். இரண்டாம் முறை அழுத்தினால் இன்டரப்ட் உடனே பாயும் என்பதையும் ஷிப்ட் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

ஈரோட்டிலிருந்து: கேன்சல்ட் எரரைப் பிடித்துப் பாஸ் (ஒன்றும் செய்யாதே) போட்டேன். நிரல் நிற்கவேயில்லை.

பதில்: அதை விழுங்கக் கூடாது. துப்புரவை முடித்ததும் அதை மீண்டும் ரெய்ஸ் செய்யுங்கள் (எழுப்புங்கள்).

கோவையிலிருந்து: கன்ட்ரோல்-சி போன்ற சைகைக்குச் செயல் இணைக்கும் ஆட்_சிக்னல்_ஹேண்ட்லர், விண்டோஸில் பிழை தருகிறது.

பதில்: அது யூனிக்ஸுக்கு மட்டும் உரியது. சிக்னல்.சிக்னல் பயன்படுத்துங்கள்.

பல்லடத்திலிருந்து: எதற்கு இத்தனை பாடு? நிரலை அக்கணமே நிறுத்தும் ஓஎஸ்._எக்ஸிட் போட்டால் இயங்குதளமே சாக்கெட்டுகளை (பிணைய இணைப்புகளை) மூடிவிடுமே.

பதில்: சாக்கெட்டை மூடும், உண்மை. ஆனால் பைத்தானின் இடையகத்தில் (பஃபரில்) காத்திருக்கும் எழுத்துகளை வட்டுக்கு அனுப்பாது. பல பதிப்புகளில் அதன் அளவு 8,192 பைட்; வரிக்கு 40 பைட் என்றால் 200 வரிக்கு மேல் போய்விடக்கூடும்.

பல்லடத்திலிருந்து மீண்டும்: எங்கள் தறிக்கூடத்தில் இதுவரை ஒன்றும் ஆனதில்லைங்க.

பதில்: இழந்த வரி எந்தப் பிழைச்செய்தியும் தராது, ஆகவே ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இயந்திரத்தின் எண்ணியையும் கோப்பின் கூட்டுத்தொகையையும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடே இல்லையென்றால், நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்கிறீர்கள் (இடையகத்தில் உள்ளதை உடனே கோப்புக்கு அனுப்புகிறீர்கள்) என்றே பெரும்பாலும் பொருள்; அப்போதும் ஓஎஸ்._எக்ஸிட் போட்டால் ஃபைனலியில் இருக்கும் எதுவும் ஓடாது என்பதை மறக்க வேண்டாம்.

அவிநாசியிலிருந்து: கேன்சல்ட் எரரை லாக் செய்துவிட்டுச் சுழலைத் தொடரலாமா?

பதில்: கூடாது. ஈரோட்டு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சோமனூரிலிருந்து: தனி இழைக்கு வேலையை அனுப்பும் டு_த்ரெட்டில் ஓடும் வேலை ரத்தாகவில்லை.

பதில்: இழையில் தொடங்கிய வேலையை ரத்து செய்ய இயலாது, அது முடியும்வரை நிரலும் முழுதாக நிற்காது. த்ரெடிங்.ஈவென்ட் (இழைகளுக்கிடையிலான அடையாளக்கொடி) ஒன்றை அந்த வேலைக்குக் கொடுத்து, அதன் சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்க்க வையுங்கள். ஃபைனலியில் அதை செட் செய்யுங்கள்.