எந்தப் பாடநூலை வைக்கலாம்?

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. பொருளடக்கத்தைப் பார்த்தால் எல்லா நூல்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. புதிய பதிப்பைத்தான் வாங்கச் சொல்ல வேண்டுமா? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை நம்பலாமா?

க.

அன்புள்ள க.,

பொருளடக்கத்தை விட்டுவிடுங்கள். அரசு, ஜனநாயகம், கட்சிகள், தேர்தல் என்ற வரிசை அறிமுக நூல்களில் பெரிதாக மாறாது. எல்லா நூல்களிலிருந்தும் ஜனநாயகம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் எடுத்து அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

தலைவர்கள் மக்களின் வாக்குக்குப் போட்டியிட்டு ஆட்சிக்கு வரும் ஒரு முறைதான் ஜனநாயகம் என்று 1942இல் எழுதினார் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். வேலை செய்யும் இடம் உட்பட அன்றாட வாழ்விலும் முடிவெடுப்பதில் பங்கேற்றால்தான் குடிமக்கள் ஜனநாயகத்துக்குப் பழகுவார்கள் என்று 1970இல் வாதிட்டார் அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன். சுமாரான நூல் இருவருக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி, கோட்பாட்டின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். மாணவரும் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார். நல்ல நூல், சாதாரண வாக்காளரின் அரசியல் நிதானத்தில் ஷும்பீட்டருக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்று விளக்கும். அந்த வாதத்தில் பேட்மன் எங்கே கைவைக்கிறார் என்றும் காட்டும். எதைப் படித்ததும் உங்களுக்கே யாருடனாவது வாதாடத் தோன்றுகிறதோ, அந்த நூலை எடுங்கள்.

பதிப்பு விஷயத்தில் மாணவர்களின் பணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் பற்றிய அத்தியாயம் பத்து ஆண்டுகளில் கெட்டுப்போகாது. ஒப்பீட்டு அரசியலும் பன்னாட்டு உறவுகளும்தான் சீக்கிரம் பழசாகும். 2011இல் தென் சூடான் சேர்ந்தபின் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193 ஆயின. 2020இல் பிரிட்டன் விலகியதும் ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளாகச் சுருங்கியது. இப்படிப்பட்ட மாற்றங்களை நீங்களே இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் முந்தைய பதிப்பே போதும். புதிதாக வந்த ஒரு முன்னுரைக்காக மாணவரை முழு விலை கொடுக்க வைப்பது நியாயமில்லை.

இலவசம் என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம். இணையத்தில் இலவசப் பாடநூல்கள் தரும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2022இல் ஒரு முழு அறிமுக நூலை வெளியிட்டிருக்கிறது; அதையும் அதே ஜனநாயக அத்தியாயத்தை வைத்தே எடைபோடுங்கள். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் மிகத் தரமானது. ஆனால் முதலாண்டு மாணவருக்குக் கனமாக இருக்கும். அதைப் பாடம் தயாரிக்க நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எந்தப் பாடநூலை வைத்தாலும் கூடவே மூலநூல்களிலிருந்து சில பக்கங்களைக் கட்டாயம் சேருங்கள். 1651இல் வந்த ஹாப்ஸின் 'லெவியாதன்' நூலின் 13ஆம் அத்தியாயம் சில பக்கங்கள்தான். அரசில்லாத வாழ்க்கை கொடூரமானது, குறுகியது என்ற வரி எல்லாப் பாடநூலிலும் இருக்கும். அதே அத்தியாயத்தை ஹாப்ஸ் சமத்துவத்திலிருந்து தொடங்குகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிகப் பலவீனமானவனும் தந்திரத்தாலோ பிறரோடு சேர்ந்தோ மிகப் பலசாலியைக் கொன்றுவிட முடியும். அதனால்தான் யாருக்கும் நிம்மதி இல்லை என்கிறார். சுருக்கத்தில் அச்சம் மட்டும் மிஞ்சுகிறது, அது எங்கிருந்து பிறக்கிறது என்பது தொலைந்துபோகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

தரவுகளையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொரு நாட்டிலும் உள்ள சுதந்திரத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. வி-டெம் என்ற ஆய்வுத் திட்டமோ தேர்தல், சுதந்திரம், பங்கேற்பு, கலந்துரையாடல், சமத்துவம் என்று ஐந்து வகை ஜனநாயகத்தைத் தனித்தனியாக அளக்கிறது. இரண்டும் இலவசம். ஏதாவது ஒரு நாட்டை எடுத்து, இரண்டு அளவீடுகளும் எதை எண்ணுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று மாணவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள். ஷும்பீட்டர் எந்த அளவீட்டை ஏற்பார், பேட்மன் எதை ஏற்பார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வகுப்புக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

அன்புடன்