ஊடகம் படிக்க மகளை எங்கே விடுவது?

கேள்வி: மகள் கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். செய்தியாளராகத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாத டிப்ளோமா இருக்கிறது. கமரா, ஸ்டூடியோ எல்லாம் காட்டினார்கள். இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கழிவு என்கிறார்கள். கட்டலாமா? வேறு நல்ல இடம் இருக்கிறதா?
— ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, இந்தக் கிழமை கட்டாதீர்கள். அந்த நிலையம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவு நன்றாக வந்து மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால், கட்டிய காசு போனதுதான். கழிவு அடுத்த மாதமும் கொடுப்பார்கள், பயப்படாதீர்கள்.

வீட்டுக்குக் கிட்ட எதுவும் இல்லையா என்று பெற்றோர் முதலில் கேட்பது வழமை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் பயன்பாட்டு விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற பீடங்கள்தான் அங்கே. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவை யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். ஊடகம் படிக்க வன்னியை விட்டு வெளிக்கிடத்தான் வேண்டும்.

தமிழ் பிள்ளைகளுக்குக் கிட்டிய இடங்கள் இரண்டு. யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவானால் ஊடகக் கற்கைகளை அங்கே ஒரு பாடமாக எடுக்கலாம். மற்றது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அங்கே தொடர்பாடல் கற்கைகள் தனியான கற்கைநெறி. பல பிள்ளைகள் இதைத் தவறவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இதற்குத் தனிக் குறியீடு உண்டு. விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கில் அதைத் தனியாகப் போட வேண்டும். ‘கலை’ என்று மட்டும் போட்டுவிட்டுத் திருகோணமலை கிடைக்கவில்லையே என்று பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை. வரைபடத்தில் முல்லைத்தீவும் திருகோணமலையும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரித்தான் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள கொக்கிளாயில் பாலம் இல்லாததால் பயணம் சுற்றுத்தான். எனவே விடுதியைப் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. பட்டத்துக்கு ஊடகம்தான் படிக்க வேண்டும் என்றில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியில் ஊர்கள் வெள்ளத்துக்குள் போனதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் எத்தனை வீட்டுக்குள் வந்தது என்பதை யாரும் எழுதலாம். கதவை எத்தனை மணிக்கு, யார் சொல்லி, எத்தனை அடிக்குத் திறந்தார்கள், அதற்கு முதல் நாள் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்கத் தெரிந்தவர்தான் செய்தியாளர். அந்தக் கேள்விகள் புவியியலும் பொருளியலும் படித்தவருக்கு இலகுவாக வரும். காணி, வனத் திணைக்களம், காணாமல் ஆக்கப்பட்டோர், நீதிமன்றம், நெல் விலை என்று வன்னிச் செய்திகள் எல்லாமே இப்படி விஷயம் தெரிந்து எழுத வேண்டியவை. ஆகவே கலைப்பீடத்தில் வேறு பாடம் கிடைத்தாலும் விடவேண்டாம். பட்டம் முடித்துவிட்டு ஒரு வருட டிப்ளோமா செய்யலாம். கொழும்பில் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி மூன்று மொழிகளிலும் கற்பித்த இடம். இந்த வருடம் தமிழ்ப் பிரிவுக்கு ஆட்கள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். சென்னையிலுள்ள ஆசியன் காலேஜ் ஆஃப் ஜேர்னலிசம் பற்றியும் கேட்பார்கள். அது பட்டதாரிகளுக்கானது, ஆங்கிலத்தில், செலவும் அதிகம். இப்போதைக்கு அந்த யோசனை வேண்டாம்.

சரி, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, தனியார் இடம்தான் என்று வந்தால்? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வெறும் ஆரம்பம். அப்புறம், போன வருடம் படித்த ஒரு பிள்ளை எழுதித் திருத்தப்பட்ட தாளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கமராவைக் காட்டுவது சுகம், அதைக் கடையிலும் வாங்கலாம். நானும் இளவயதில் இப்படியொரு இடத்தில் காசு கட்டினேன். மூன்று மாதம் மைக் பிடித்துப் படம் எடுத்தோம். ஒரு வரியைக் கூட யாரும் திருத்தவில்லை. பிறகு பத்திரிகையில் சேர்ந்தபோது என் முதல் செய்தியில் பாதியை உதவி ஆசிரியர் வெட்டினார். அன்றைக்குத்தான் படிப்பு தொடங்கியது. கற்பிப்பவர் இப்போதும் எங்கேயாவது எழுதுகிறாரா, பிள்ளைகளை நீதவான் நீதிமன்றத்துக்கும் பிரதேச சபைக் கூட்டத்துக்கும் எத்தனை நாள் கூட்டிப் போவார்கள் என்பதையும் கேளுங்கள்.

சில இடங்களில் டிப்ளோமாவோடு ‘பிரஸ்’ அட்டை தருவோம் என்பார்கள். அதில் மயங்க வேண்டாம். அரசாங்க தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை, வேலை செய்யும் ஊடக நிறுவனத்தின் சிபாரிசில் வருவது. படிக்கிற இடத்தால் அதைத் தர முடியாது.

காசைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிராந்திய செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிரசுரமான செய்திக்குத்தான் காசு. மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கே அது காணாது. அதனால் சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கட்டும். மொழிபெயர்ப்பு வேலை கைகொடுக்கும். பொலிசார் நீதிமன்றத்தில் வைக்கும் ‘பி’ அறிக்கை சிங்களத்தில் இருந்தாலும் யாரையும் கெஞ்சாமல் தானே வாசிக்கலாம்.

முடிவு வரும்வரை மகள் சும்மா இருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் திருத்தத்துக்குப் போன வருடம் எவ்வளவு செலவானது என்று கேட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடட்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். பதில் வந்ததும் வாய்க்காலைப் போய்ப் பார்த்து, நாலு கமக்காரரோடு கதைத்து, முந்நூறு சொல்லில் ஒரு செய்தி எழுதட்டும்.

அந்தத் தாளோடு யாழ்ப்பாணத்து நிலையத்துக்குப் போங்கள். “இதைத் திருத்தித் தாருங்கள்” என்று சொல்லிவிட்டு இருங்கள். பேனாவை எடுக்காமல் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள் என்றால், முல்லைத்தீவு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு எழும்பிவிடுங்கள்.