அந்தப் பத்து விழுக்காடு எங்கிருந்து வந்தது?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். நிரந்தர வைப்பில் 60,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பணவீக்கம் இரண்டு விழுக்காடுகூட இல்லை என்கிறார்கள். சந்தைக்குப் போகும் எனக்கோ வருடம் பத்து விழுக்காடு ஏறுவதாகத் தெரிகிறது. 1974 திரும்பி வரும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். மொத்தப் பணத்துக்கும் நகை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அந்தப் பத்தில்தான் இல்லை.

அடிக்கடி வாங்குவதன் விலைதான் மனத்தில் தங்கும். அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றும் இதையே காட்டியது: வீட்டுக்கு மளிகை வாங்குகிறவர், வாங்காதவரைவிட அதிகப் பணவீக்கத்தை எதிர்பார்க்கிறார். மீன் விலை ஏறினால் அன்றே தெரிகிறது. ரோன்95 பெட்ரோல் 2021 பிப்ரவரி முதல் நான்கு ஆண்டுக்கு மேல் 2.05 வெள்ளியிலேயே நின்றதை யார் பேசினார்கள்? 2024-இல் துணிமணி, தகவல் தொடர்புச் செலவுகள் சற்று இறங்கின. உணவகச் செலவு மூன்று விழுக்காடு ஏறியது. எல்லாம் கலந்த சராசரிதான் 1.8.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது, ஏறும் வேகம்தான் குறையும். 2022-இல் ஏறிய 3.3 விழுக்காட்டின் மேல்தான் 2023-இன் 2.5 ஏறியது, அதன் மேல் 1.8. நாமோ கோவிட்டுக்கு முந்தைய விலையை நினைத்துக்கொண்டு 'போன வருடம்' என்கிறோம்.

மாமியார் சொல்வது பொய்யில்லை. எண்ணெய் நெருக்கடியால் 1974-இல் இங்கே பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியது. அப்படியொரு காலத்தைப் பார்த்தவர்கள் பிறகும் அதையே எதிர்பார்ப்பார்கள். அவரோடு வாதாடாதீர்கள்.

எதிர்பார்ப்பு தவறினால் முடிவும் தவறும். 72-ஐப் பணவீக்கத்தால் வகுத்துப் பாருங்கள். பத்து விழுக்காடு என்றால் உங்கள் பணத்தின் மதிப்பு ஏழே ஆண்டில் பாதியாகும்; இரண்டு என்றால் 36 ஆண்டாகும். ஓய்வு பெற்றவர்கள் உணவுக்கும் மருந்துக்கும்தான் அதிகம் செலவிடுகிறார்கள். அதனால் உங்களுக்கு மூன்று, நான்கு என்று வைத்தே நான் கணக்கிடுவேன். மூன்று மாத ரசீதுகளைச் சேர்த்து, அடுத்த வருடம் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள்.

ஓராண்டுச் செலவுக்கான பணம் வைப்பிலேயே இருக்கட்டும். கணவரின் ஊழியர் சேமநிதியில் மிச்சம் இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். தங்கம் வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்குக்கு வாங்குங்கள், அதையும் நகையாக வேண்டாம். விற்கும்போது செய்கூலி திரும்பாது.