படகு பிடிபட்டால் உரிமையும் போய்விடுமா?

கேள்வி: எல்லை தாண்டியதாகச் சொல்லி எங்கள் விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது. ஆங்கிலப் பத்திரிகையில் 'சீஸ்டு' என்றும், தமிழ்ப் பத்திரிகையில் 'பறிமுதல்' என்றும் போட்டிருந்தார்கள். படகு இனி எங்களுடையது இல்லையா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்களுடையதுதான், சகோதரி. நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடும்வரை உங்களுடையதுதான்.

'சீஸ்' என்றால் அதிகாரத்தோடு வந்து ஒரு பொருளைக் கைப்பற்றுவது. பொருள் அவர்கள் கைக்குப் போகிறது. உரிமை உங்களிடமே இருக்கிறது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. இங்கிலாந்தின் நிலமானியச் சட்டத்தில் ஒருவரை நிலத்தின் அனுபோகத்தில், அதாவது கைவசத்தில், அமர்த்துவதையே முதலில் குறித்தது. அனுபோகம் வேறு, பாத்தியதை என்ற சொத்துரிமை வேறு என்று நம் ஊர்ப் பத்திர எழுத்தரைக் கேட்டாலும் சொல்வார்.

உரிமையும் சேர்ந்து அரசுக்குப் போய்விட்டால் அதற்கு 'கான்ஃபிஸ்கேட்' என்று வேறு வினை இருக்கிறது. நம் காவல் நிலையங்களில் பிடித்த பொருளைப் பற்றிய பதிவைக் 'கைப்பற்றுதல் மகஜர்' என்று சரியாகத்தான் எழுதுகிறார்கள். செய்தித்தாள்கள்தாம் வேதாளையில் கடல் அட்டை மூட்டை பிடிபட்டாலும், நடுக்கடலில் படகு பிடிபட்டாலும் 'பறிமுதல்' என்றே தலைப்புப் போடுகின்றன. எனக்கு இது பொறுக்கவில்லை. கடன் வாங்கிப் படகு கட்டிய குடும்பம் அந்தத் தலைப்பைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறது. உட்காரக் கூடாத நேரம் அதுதான்.

கடற்படை பிடித்தது முதல் நிலை. அடுத்து ஊர்க்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் வழக்கு வரும். மீனவர்கள் விடுதலையானாலும் படகின் வழக்கு தனியாக நிற்கும். உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் வந்து உரிமை கோர வேண்டும் என்று தேதி தருவார்கள். யாரும் போகாவிட்டால் படகு அரசுடைமை. 2022 பிப்ரவரியில் காரைநகர் முதலான இடங்களில் இலங்கை அரசு 105 படகுகளை ஏலத்துக்குக் கொண்டுவந்ததே, அவை அரசுடைமையாகிவிட்ட படகுகள்.

ஆஜரானால் படகு கட்டாயம் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்காக்கிவிட்டார்கள். ஆனால் போகாமல் இருந்தால் இழப்பு நிச்சயம். பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். விற்றவர் பெயரிலேயே கிடந்தால், உரிமை கோர வேண்டியவர் அவராகிவிடுவார். மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் சங்கத் தலைவரிடம் வழக்குத் தேதியைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: வள்ளத்தின் என்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறார் மெக்கானிக். அதுவும் இதே சொல்லா?
— வாசகர், கீழக்கரை

பதில்: இதே சொல்தான். எண்ணெய் வற்றிச் சூடேறினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். வலிப்பை மருத்துவர்கள் 'சீஷர்' என்பதும் இதிலிருந்துதான். இரண்டு கயிறுகளைச் சேர்த்து மெல்லிய கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுவதைக் கப்பல்காரர்கள் 'சீஸிங்' என்பார்கள். தேர்வெழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: 'சீஸ்' எழுதும்போது 'எஸ்' அடுத்து 'ஈ', பிறகு 'ஐ'. முற்றுகையைக் குறிக்கும் 'சீஜ்' என்ற சொல்லில் 'ஐ' முந்திக்கொள்ளும்.