குடி முதலா, மனச்சோர்வு முதலா?

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலானவை இருபது வயதை ஒட்டிய பிள்ளைகளைப் பற்றியவை. கேட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் மகனுக்கு 22 வயது. சிப்காட்டில் பார்த்த ஒப்பந்த வேலை போய்விட்டது. தினமும் குடிக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். குடியால் மனச்சோர்வா, மனச்சோர்வால் குடியா? எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது? (ஒரு தாய், கடலூர் முதுநகர்)

இரண்டுக்கும் சேர்த்தே பாருங்கள், அம்மா. "முதலில் குடியை விட்டுவிட்டு வரட்டும், பிறகு மனதைப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எது முதலில் வந்தது என்பதைவிட, இரண்டுக்கும் முன்னால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் என்ன இருந்தது என்று கேட்பதில்தான் பயன் அதிகம்.

ஒரு பங்கு பரம்பரை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதியும், மனச்சோர்வுக்கான வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் மரபணு சார்ந்தவை. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களும் உண்டு.

இன்னொரு பங்கு குழந்தைப் பருவம். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. சிறுவயதில் அடி, வசவு, பாலியல் தொல்லை, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரரோ மனநோயாளியோ இருந்தது, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது என்று ஏழு வகைத் துன்பங்களைக் கணக்கெடுத்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை வருவதற்கான வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. ஒரே வேரிலிருந்து நான்கும் கிளம்பியிருந்தன.

நம் மாவட்டத்துக்கென்றே சில உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது உங்கள் மகன் சிறுபிள்ளை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தபோது பல வீடுகளில் வருமானமும் சாய்ந்தது. கடனும், கடனால் வரும் சண்டையும் பிள்ளைகளின் காதில் விழாமல் இருந்திருக்காது. உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு இப்போது வேலையில்லை, இரவுத் தூக்கமில்லை, நண்பர்கள் என்றால் குடிக்கிற இடத்து நண்பர்கள் மட்டும். இந்த மூன்றும் குடியையும் வளர்க்கும், மனச்சோர்வையும் வளர்க்கும்.

மதுவே மனதை அழுத்தும் பொருள்தான். அதனால் மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரம் கவனிப்போம். குடியினால் வந்த சோர்வு பெரும்பாலும் அதற்குள் விலகிவிடும். விலகாவிட்டால் மனச்சோர்வுக்குத் தனியாகவும் மருந்தும் ஆலோசனையும் தேவை. ஆனால் "செத்துப் போகலாம்" என்கிற பேச்சு ஒருமுறை வந்தாலும் வாரக்கணக்குப் பார்க்காதீர்கள். அன்றே அழைத்து வாருங்கள்.

என் அப்பா குடிநோயாளி. எனக்கும் வருமா? (கல்லூரி மாணவி, வில்லியனூர்)

வந்தே தீரும் என்பதில்லை. குடிநோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. ஆனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம், மனச்சோர்வுக்கும் சேர்த்து.

பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று: "எவ்வளவு குடித்தாலும் அசையமாட்டான்" என்று நண்பர்கள் ஒருவனைப் பாராட்டுவார்கள். ஆரம்பத்திலேயே அப்படித் தாக்குப்பிடிப்பவருக்குத்தான் பின்னால் குடிநோய் வரும் வாய்ப்பு கூடுதல். உடம்பு "போதும்" என்று சொல்வதில்லை. தொடங்கும் வயதும் முக்கியம். பதினைந்துக்கு முன் தொடங்குகிறவர்களுக்கு உள்ள ஆபத்து, இருபத்தொன்றுக்குப் பின் தொடங்குகிறவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, புதுச்சேரியில் 18. எங்கள் கடலூர்ப் பையன்கள் அரை மணி நேரப் பஸ் பயணத்தில் மூன்று வயது கூடிவிடுகிறார்கள்! நீங்கள் தொடவே தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தம்பிக்குக் கோயிலில் கயிறு கட்டினோம். அன்றோடு நிறுத்தினான். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. தெய்வக் குற்றமா? (நெல்லிக்குப்பம்)

இல்லை. தினமும் நிறையக் குடித்த உடம்பு, மது திடீரென்று நின்றதும் காட்டும் எதிர்வினை. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் தெரியாமல் உளறுவது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. கயிற்றைப் பழிக்கமாட்டேன், ஊரறியக் கட்டிய கயிறு பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கட்டுவதற்கு முன் மருத்துவமனைக்கு வாருங்கள். சில நாள் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போதும், இந்தக் கண்டத்தைத் தாண்டிவிடலாம்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மாத்திரை இருக்கிறதாமே? (அரியாங்குப்பம்)

டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சொல்கிறீர்கள். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும், இறந்தும் போகலாம். சம்மதித்து, விவரம் தெரிந்து எடுப்பவருக்கு மட்டுமே தருவோம். தெரியாமல் கலப்பது வைத்தியம் அல்ல.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கஞ்சா புகைத்தால்தான் தூக்கம் வருகிறது. மூலிகைதானே, நிறுத்தினால் தூக்கம் போய்விடுகிறதே? (இன்ஜினீயரிங் மாணவர், புதுச்சேரி)

ஊமத்தையும் மூலிகைதான், தம்பி. நிறுத்திய சில நாட்களுக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கனவுகள் துரத்தும். அது கஞ்சா நின்றதன் விளைவு; அதையே "எனக்குக் கஞ்சா தேவை" என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். பதின்வயதில் கஞ்சா புகைத்தவர்களுக்கு இளமையில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிகரெட்டும் இதே ஏமாற்று வேலைதான் செய்கிறது: நிகோடின் குறைந்த பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது, நீங்கள் அதை நிம்மதி என்கிறீர்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன்: கஞ்சாவுக்கு முன்பே தூக்கம் கெட்டிருந்ததா? அப்படியானால் அரியர் பேப்பரா, விடுதியில் யாராவது தரும் தொல்லையா, வீட்டுக் கவலையா என்று அங்கிருந்துதான் நாம் பேசத் தொடங்க வேண்டும்.

கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவானா? (பாகூர்)

மாட்டான். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன பட்டியலில் அவன் பிள்ளைகளும் சேர்ந்துவிடுவார்கள்.

சிகிச்சைக்கு வந்தால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? எங்கே போவது? (26 வயது, மஞ்சக்குப்பம்)

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை யாருக்கும் சொல்லக் கூடாது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்கினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற எண்ணும் உண்டு. வரும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை, கடையில் சும்மா வாங்கிய வலி மாத்திரை உட்பட, எடுத்து வாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். முதல் வாரத்து மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.