கேள்வி–பதில்: மாற்றுத்திறனாளி மாணவர்களும் சட்டமும்

கே: சுயநிதிக் கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு கேட்கலாமா?

முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும்தான். அங்கே வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. சுயநிதியில் மற்ற வசதிகளும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். 16ஆம் பிரிவு அரசு அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளையும் சேர்த்தே பேசுகிறது.

கே: கல்லூரியில் எனக்கு அநியாயம் நடக்கிறது. என்ன செய்யலாம்?

என்ன குறைபாடு, எத்தனை சதவீதம், எதை மறுத்தார்கள், எப்போது? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதற்குப் பதில் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். கல்லூரிக்கும் அப்படியே எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு சாட்சி கிடையாது.

கே: எனக்கு டிஸ்கிராபியா (எழுதுவதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு). குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் தேர்வில் கூடுதல் நேரமோ ஸ்கிரைபோ (நான் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) கிடையாது என்கிறார்கள். சரியா?

தவறு. ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் இதே கடிதம் வருகிறது, எனக்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீட்டுக்கான வரம்பு. தேர்வில் உதவி கேட்பதற்கு அப்படி ஒரு வரம்பைச் சட்டம் வைக்கவில்லை. 17ஆம் பிரிவு கூடுதல் நேரத்தையும் ஸ்கிரைபையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அங்கே சதவீதம் என்ற பேச்சே இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அடுத்த ஆண்டே, 40க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது: மணிக்கு 20 நிமிடம், அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். விடை முழுதும் தெரிந்த பிள்ளை, கை ஓடாததால் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருகிறது. இதைச் சலுகை என்று பேசுபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுதுவதில் சிரமம் இருப்பதாக அரசு மருத்துவமனையில் சான்று வாங்குங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.

கே: சக்கர நாற்காலியில் வருகிறேன். வகுப்பு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை.

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். லிஃப்ட் வர வருடமாகும், அறை மாற்ற ஒரு நாள் போதும். இதையும் எழுத்தில்தான்.

கே: 45 சதவீதப் பேச்சுக் குறைபாடு. எம்.பி.பி.எஸ். கனவை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். சதவீதத்தை மட்டும் காட்டித் தகுதியில்லை என்று தள்ளிவிடக் கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்பதை மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கே: மனு கொடுத்தும் கல்லூரி பதில் தரவில்லை. அப்புறம்?

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போங்கள். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். ஒப்புகையின் நகலை இணைக்க மறக்காதீர்கள்.