பதினைந்து நகரம் பெறும் கல்

கேள்வி: 15 நகரங்களை விலையாகச் சொன்ன ஒரு ஜேட் கல் பழைய சீனாவில் இருந்ததாம். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் தன் அரச முத்திரையை அந்தக் கல்லில்தான் செதுக்கினார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நீங்கள் கேட்பது ‘ஹெ-யின் வட்டக்கல்’ பற்றி; ஹெ என்பது அதைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படுபவரின் பெயர். கதை நடந்த வரிசையை விட்டுவிட்டு, நூல்கள் எழுதப்பட்ட வரிசையில் படியுங்கள்.

முதலில் ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் எழுதிய நூல்; அவர் கி.மு. 233-ல் இறந்தவர். பழைய சீன நாடுகளில் ஒன்றான சூவைச் சேர்ந்த பியான் ஹெ, மலையில் கிடைத்த பட்டை தீட்டாத கல்லை அரசரிடம் கொண்டுபோகிறார். ‘வெறும் கல்’ என்கிறார் அரண்மனைக் கைவினைஞர். இடது பாதத்தை வெட்டிவிடுகிறார்கள். அடுத்த அரசர் காலத்தில் வலது பாதமும் போகிறது. வென் அரசர் பட்டத்துக்கு வந்ததும், பியான் ஹெ கல்லைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் மூன்று நாள் அழுகிறார். பாதம் போனதற்காக அல்ல. மணியைக் கல் என்றும் உண்மையானவனைப் புளுகன் என்றும் சொல்லிவிட்டார்களே என்று. அதன் பிறகுதான் கல்லைப் பிளந்து பார்க்கிறார்கள்; உள்ளே மணி இருக்கிறது.

உருக்கமான கதை. ஆனால் வென் அரசர் ஹான் ஃபெய்க்கு 400 ஆண்டுகள் முந்தியவர். நல்ல யோசனை சொல்பவர்களுக்கு அரசவையில் இதுதான் கதி என்று வாதாடவே ஹான் ஃபெய் இதை எடுத்துக்கொள்கிறார். அதனால் கல் எங்கே கிடைத்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது. அதன் புகழ் அப்போதே பரவியிருந்தது என்பதற்கு நல்ல சாட்சி.

அடுத்து சிமா சியான் எழுதிய ‘ஷீஜி’ என்ற வரலாற்று நூல், சுமார் கி.மு. 100. நகரங்கள் கதை இதில்தான்: ஜாவ் நாட்டிடம் இருந்த கல்லுக்கு 15 நகரங்கள் தருவதாகச் சின் நாட்டு அரசர் சொல்கிறார். கி.மு. 283-ல் ஜாவ் நாட்டுத் தூதர் லின் சியாங்ரு கல்லைச் சின் அரசரிடம் காட்டுகிறார். நகரங்களைத் தரும் எண்ணம் அரசருக்கு இல்லை என்று தெரிந்ததும், ‘இதில் ஒரு குறை உண்டு, காட்டுகிறேன்’ என்று திரும்ப வாங்கி, தூணருகே நின்று, ‘என் தலையோடு சேர்த்து உடைத்துவிடுவேன்’ என்கிறார். கல்லைப் பத்திரமாக ஊருக்கும் அனுப்பிவிடுகிறார்.

அதே நூலில், கி.மு. 206-ல் சின் வம்சத்தின் கடைசி அரசர் முத்திரையோடு சரணடைவதும் வருகிறது. அந்த இடத்தில் ஹெ-யின் கல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்தான் முத்திரை ஆனது என்ற பேச்சை, பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களிடம்தான் பார்க்கிறோம்; கி.பி. 450-ல் இறந்த சுய் ஹாவ், கி.பி. 933-ல் இறந்த டூ குவாங்டிங் போன்ற எழுத்தாளர்கள்.  தவிர, வட்டக்கல் என்பது நடுவில் துளையுள்ள தட்டையான வில்லை. அதிலிருந்து கனமான சதுர முத்திரை எப்படி வரும்? வீடியோ சொன்னதை நான் நம்பவில்லை.

ஹான் ஃபெய் நூலில் 13-ம் அதிகாரம், ஷீஜியில் 81. இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கும். சின்னதை முதலில் படிக்க நினைத்தால் ஹான் ஃபெய்யில் தொடங்குங்கள்.